மந்திரித்த உப்பும் சாளையின் கண்ணும்

போன தவக்காலம். சாம்பல் புதன் கழிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை. காலையில் எங்கள் சாளை அடுப்படியிலிருந்து நடந்து வந்து, நேராகக் கதவு நிலையில் போய் முட்டியது. ஒதுங்கி நின்றது. திரும்பவும் நடந்து அதே நிலையில் முட்டியது. பிறகு தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டது பாருங்கள், இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

சாளை எங்கள் வீட்டுப் பூனை. பதினைந்து வயது. பூனைக்காகவா சாட்சி எழுத வந்தாய் என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். அந்தோனியார் பக்தர்கள் யாராவது ஒருவருக்கு இது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் செலின். கூடங்குளத்துக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். என் வீட்டுக்காரர் சூசை முப்பத்தெட்டு வருஷம் வள்ளத்தில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவர். குட்டியாக இருக்கும்போது இவர் வலைக்கு அடியில் வெள்ளியாகப் பளபளவென்று கிடந்ததாம், அதனால் சாளை என்று மீன் பெயரே வைத்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ரத்தக்கொதிப்பில் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. பேசினால் எனக்குப் புரியவில்லை, திருப்பிக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். கடைசியில் மனுஷன் வாயையே மூடிக்கொண்டார். அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த ஒரே சொல் "சாளை". கூப்பிட்டால் அது கட்டிலில் ஏறி, உணர்ச்சி இல்லாத அந்த இடது கையின் மேல் படுத்துக்கொள்ளும். நாள் முழுக்க அப்படியே கிடப்பார்கள் இரண்டு பேரும். மாத்திரையை மட்டும் வாங்கி வாயில் அடக்கி வைத்து, நான் திரும்பினதும் துப்பிவிடுவார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் அன்றைக்குச் சாளை நிலையில் முட்டுவதைப் பார்த்தார். நான் அதன் கண்ணுக்கு நேரே கையை ஆட்டினேன். இமைக்கவில்லை. நல்ல வெளிச்சத்திலும் கண்மணி இரண்டும் கறுத்து விரிந்து கிடந்தன. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அன்று மத்தியானம் சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். இரவும் தள்ளினார். இந்தப் பூனை போனால் இவரும் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன்.

அவருக்கு வாதம் வந்தபோது, தெற்கே இருக்கும் அந்தோனியார் கோயிலுக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்ந்துகொண்டு போனேன். அங்கே மந்திரித்த உப்பு கொடுப்பார்கள். "நம்பிக்கையோட ஒரு கல்லு போதும்" என்றுதான் சாமியார் சொன்னார். நான் ஒரு கல்லோடு நிற்கிற ஆளா? டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். கடை உப்பை நான் நிறுத்திவிட்டேன், சத்தியமாக நிறுத்தினேன். அதற்குப் பதிலாக மந்திரித்த உப்பை அள்ளிப் போட்டேன். வீட்டு உப்பையும் கொண்டுபோய் மந்திரித்து வாங்கி வருவேன். மந்திரித்தது கணக்கில் வராது என்று என் நினைப்பு.

ஒரு வருஷமாகவே சாளை மெலிந்துகொண்டு வந்தது. முதுகெலும்பு கையில் தட்டும். வாளித் தண்ணீரில் தலையை விட்டு மணிக்கணக்கில் குடிக்கும். மணலில் ஒதுங்குகிற பழக்கம் போய், நின்ற இடத்திலெல்லாம் மூத்திரம் பெய்தது. திட்டினேன். நடுச்சாமத்தில் கத்தியது. வாய் நாறியது. நக்கித் துடைத்து மினுமினுப்பாக வைத்திருந்த மயிர் சடை பிடித்தது. கட்டிலில் ஏறுவதற்கு முன்னால் நின்று யோசித்தது. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான், வயசாகிவிட்டது. போதாததற்கு, அதன் சோற்றிலும் தினம் ஒரு சிட்டிகை மந்திரித்த உப்பு. கருவாட்டுத் தலை வேறே.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிலோமி வந்து பார்த்தாள். சாளைக்காக அந்தோனியாருக்கு நேர்ந்துகொள்ளப் போகிறேன் என்றேன். "ஏ செலினக்கா, மனுசனுக்கே ஆசுபத்திரிக்குப் போக நேரமில்ல. பூனைக்கு நேர்ச்சையா?" என்று சிரித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரிடம் காட்ட? அந்தோனியார் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். மரியாதை கெட்ட ஜெபம்தான். "கோடி அற்புதர்னு பேரு வாங்கியிருக்கீரே, அந்தக் கோடியில ஒண்ணு இந்தக் கிழட்டுப் பூனைக்குத் தரக் கூடாதா? எம் மனுசனுக்கு இருக்குத ஒரே பேச்சுத் துணைய எடுத்துட்டுப் போகாதேயும்!" என்று கேட்டு அழுதேன்.

மறுநாள் விடிந்ததும் பிலோமியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, சாளையை வயர்கூடையில் வைத்து மேலே துண்டைக் கட்டிப் பஸ் ஏறினேன். அதுவரைக்கும் பூனைக்கு ஆஸ்பத்திரி என்று யோசித்ததே இல்லை. அந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

கூடைக்குள்ளிருந்து கத்துகிற சத்தம் கேட்டுக் கண்டக்டர் வந்தார். "யம்மா, உள்ள என்னது?"

"பூனைய்யா. கண்ணு தெரியல. திருநெவேலி ஆசுபத்திரிக்குக் கொண்டு போறேன்."

பின்சீட்டில் ஒரு பெரியவர், "பூனை குறுக்க வந்தாலே போற காரியம் வெளங்காதும்பாவ. இங்க கூடவே டிக்கெட்டு எடுத்துல்லா வருது!" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்குநேரி தாண்டும்வரை அந்தப் பெரியவர்தான் கூடையை மடியில் வைத்திருந்தார்.

புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் மாறினேன். ஆற்றுப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. கீழே தாமிரபரணியில் சனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். கூடைக்குள் கையை விட்டேன். சாளை என் விரலை நக்கியது. ஆண்டவரே, கைவிட்டுவிடாதேயும் என்று மட்டும் சொன்னேன். வேறு ஜெபம் வரவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப் பெண். களக்காட்டுப் பக்கமாம், நெற்றியில் கீற்றுத் திருநீறு. சாளையின் வாலில் கைக்குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி ஒரு சின்னப் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். பூனைக்குப் பிரஷரா என்று நான் வாயைப் பிளந்தேன். ரத்தம் எடுத்தார்கள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள்.

"சிறுநீரகம் ரெண்டும் பாதிக்கு மேல கெட்டிருக்கும்மா. அதனால ரத்தக்கொதிப்பு ஏறி, கண்ணுக்குள்ள இருக்குத திரை பிரிஞ்சிட்டு. எத்தன நாளா மெலியுது?"

"ஒரு வருசமா. வயசாயிட்டுன்னு நினைச்சேன் டாக்டர்."

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. பூனை நோவ வெளிய காட்டாது. தண்ணி நெறையக் குடிக்கும், மெலியும், ராத்திரி கத்தும். நாம வயசும்போம். வயசு ஒரு சீக்கு இல்லம்மா. சரி, என்ன சாப்பாடு கொடுக்கிய?"

சொன்னேன். சோறு, மீன், கருவாட்டுத் தலை, மந்திரித்த உப்பு.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "உப்பாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல மாட்டேன். வயசான பூனைக்கு இது வரத்தான் செய்யுது. ஆனா இனிமே உப்பும் வேண்டாம், கருவாடும் வேண்டாம். உங்க சாமிக்கும் எனக்கும் சண்டை இல்ல. மந்திரிச்சாலும் சிறுநீரகத்துக்கு அது உப்புதாம்மா."

பிறகு மாத்திரை எழுதினார். "மனுசங்க பிரஷருக்குத் தின்னுத மாத்திரைதான் இது. பூனைக்குக் கடுகளவு. நாங்க சொல்லுத அளவுதான், நீங்களா ஒடச்சுக் கொடுத்துராதிய." மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டில், என் மனுஷன் துப்பிப் போடுகிற அதே மாத்திரை.

பூனைக்கு ஒரு சிட்டிகைதான் போட்டேன். அவருக்கு?

மறுநாள் காலையில் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவருக்குப் பிரஷர் பார்த்த நர்ஸம்மா முகம் மாறியது. இரண்டாம் தடவை கட்டிப் பார்த்தார். சாளைக்கும் இதே மாத்திரைதான் என்று அவரிடம் சொன்னேன், அன்றைக்கு அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. உடனே வண்டி சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் வைத்திருந்தார்கள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அடுத்த அடி விழுந்திருக்கும். யாரு இப்பமாவது கூட்டிட்டு வரச் சொன்னா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். பூனை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அடுத்த செவ்வாய் அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். மிச்சமிருந்த உப்பு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். கோபமா, வெட்கமா, எனக்கே தெரியவில்லை. உப்பும் மிளகும் காணிக்கையாகக் கொட்டுகிற இடத்தில் நின்றேன். ஒவ்வொருவராக வந்து கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே நின்று பார்த்தபோதுதான் புத்தியில் உறைத்தது. ஒரு கல் போதும் என்று சொன்னபோது எனக்கு நம்பிக்கை போதவில்லை. அதனால் அள்ளினேன். நானும் என் உப்பைக் கொட்டினேன். அழுகை வந்தது, அழுதேன்.

இப்போது எங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கு மாத்திரை. சாளைக்குக் கொடுப்பது அவர் வேலை. உப்பில்லாமல் அவித்த மீனில் அந்தக் கடுகளவைப் பொதிந்து, இடது கையால் அதை அணைத்து, வலது கையால் ஊட்டுகிறார். சாளை விழுங்கியதா என்று வாயைத் திறந்து பார்க்கிறார். பிறகு தன் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்து, எனக்கு வாயைத் திறந்து காட்டுகிறார். நான் கேட்காமலே. அணைத்து அணைத்து அந்த இடது கையில் கொஞ்சம் பிடிமானம் வந்திருக்கிறது.

சாளைக்கு ஒரு கண் திரும்பவில்லை. இன்னொன்றில் நிழல் தெரிகிறது. கட்டிலுக்கு ஒரு பலகை சாய்த்துக் கொடுத்திருக்கிறேன், அதில் ஏறுகிறது. கெட்ட சிறுநீரகம் கெட்டதுதான், இருக்கிற காலத்தை நோவில்லாமல் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போதும். நான் கேட்டது ஒரு பூனையின் உயிர். கிடைத்தது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

ஆகவே என்னைப் போல முட்டி மோதுகிறவர்களே, கேளுங்கள். சின்னக் காரியம், பூனைக் காரியம் என்று கூசாமல் கேளுங்கள். பதில் மருத்துவர் வாயிலிருந்து வந்தாலும், வாயில்லாத சீவனிடமிருந்து வந்தாலும் தள்ளிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் வயதான சீவன் எது இருந்தாலும், வயசு என்று சொல்லிக் கைகழுவாமல் ஒரு நடை கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. உயிர்ப்பு ஞாயிறு அன்று பூசை முடிந்து வந்து, அவருக்குச் சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினேன். ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சுளித்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னார்.

"ஏட்டி, குழம்புல உப்பு இல்ல."

இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் தெளிவாகப் பேசிய முதல் பேச்சு. நான் அடுப்படிக்குள் போய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னேன். உப்பு போடவில்லை.