சோப்பு படாத தம்ளர்கள்

என் கணவருக்கு அழுக்கு என்றால் ஆகாது. அணுபுரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்கும் விருந்தாளிகள், இங்கே சமைப்பதே இல்லையா என்று கேட்பார்கள். காபியின் கடைசி வாயை நான் விழுங்குவதற்குள் தம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தேய்த்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஒத்தாசை செய்கிறேன் என்று என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

எனக்குச் சோறு போடுவது கடல் முள்ளெலி. மாமல்லபுரத்துக் கடலோரத்தில் பாறை இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கும், கைக்குள் அடங்கும் முள் உருண்டை. ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்துச் சொல்லவே முடியாது. ஊசியில் கொஞ்சம் உப்புக் கரைசல் ஏற்றினால் பெண் முட்டைகளைக் கொட்டும், ஆண் பால்போல் விந்தைக் கொட்டும். இரண்டையும் கடல்நீரில் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், சற்று நேரத்தில் முட்டையைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று எழும்பும். கரு தரித்துவிட்டது என்று பொருள். தலை நரைக்கும் வரை இதைப் பார்த்தாயிற்று. இன்றைக்கும் அந்த வளையம் எழுந்தால் எனக்குச் சிரிப்பு வாய்கொள்ளாமல் வந்துவிடும்.

அந்த ஒற்றைச் செல் பெருகிப் பெருகிக் குடலாகிறது, ஓடாகிறது, முள்ளாகிறது. எல்லாச் செல்லிலும் மரபணுக்கள் ஒன்றுதான். எதைப் படிப்பது, எதை விட்டுவிடுவது என்பதை அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு ரசாயனக் குறிகள் தீர்மானிக்கின்றன. அந்தக் குறிகளைப் படிப்பதுதான் எபிஜெனடிக்ஸ். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என் கணவர் இதை வேறு மாதிரி விளக்குவார்: "ஒயரிங் எல்லா ரூமுக்கும் ஒண்ணுதாங்க. எந்த சுவிட்ச் போட்டிருக்கு, எது அணைஞ்சிருக்குன்னு இவங்க பார்த்துச் சொல்லுவாங்க." நான் ஒரு பருவம் முழுக்க வகுப்பில் தொண்டை வறளச் சொல்வதை மனிதர் வேலியோரம் நின்று முடித்துவிடுவார். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

அந்த ஆண்டு என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஒரு பெண் இருந்தாள். கோவளத்துக்காரி. அவள் அத்தா படகுகளுக்கு ஐஸ் விற்பவர். வலையில் சிக்கி வரும் முள்ளெலிகளை மீனவர்களிடம் கேட்டு வாங்கி, வாளியில் போட்டு எங்களுக்குக் கொண்டுவருவார். "இன்னா மேடம், துன்னவும் முடியாது, விக்கவும் முடியாது. இத்த வச்சிகினு இன்னாதான் பண்றீங்கோ?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். பதில் சொல்லும் முன்பே வண்டியைக் கிளப்பிவிடுவார்.

அவர் மகள் செய்துகொண்டிருந்தது இதுதான். சில தாய்களைச் சாதாரணத் தண்ணீரிலும், சில தாய்களைச் சற்று வெதுவெதுப்பான தண்ணீரிலும் வளர்ப்பது. தாய் அனுபவித்த சூடு பிள்ளையின் குறிகளில் தங்குமா, சூடான கடலில் அந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்குமா என்று பார்ப்பது. பாக்கி இருந்தது கடைசிச் சுற்று மட்டுமே. மழை இறங்கிவிட்டால் கரையோரத் தண்ணீரில் உப்பு குறைந்து பருவம் முடிந்துவிடும். அவளுடைய உதவித்தொகையும் அந்த ஆண்டோடு முடிகிறது. இந்தச் சுற்று போனால் பட்டமும் போனதுதான்.

பூஜை முடிந்து பொரி கடலை எல்லாம் தின்று தீர்த்தபின் அவள் கருக்களைப் போட்டாள். மறுநாள் காலையில் எல்லாம் கோணலும் மாணலுமாகப் பிளந்து அடியில் கிடந்தன. வெதுவெதுப்பில் வளர்ந்த தாயின் பிள்ளைகள் மட்டும் செத்திருந்தால் அதுவும் ஒரு விடை. இரு தரப்பும் ஒன்றுபோல் செத்துக் கிடந்தன. தண்ணீர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, அவள் அத்தாவிடம் சொல்லி ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்துவரச் செய்தோம். மறுபடியும் அதே கதி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலை என்னை அழைத்துப் போக வந்த கணவர் அலமாரியைப் பார்த்துப் பூரித்தார்.

"பூஜைக்குக் கழுவினது. இன்னும் எப்படி மின்னுது பாரு!"

எனக்குப் பகீரென்றது. கரு வளர்க்கும் கண்ணாடிக் கிண்ணங்களில் சோப்பு படவே கூடாது. துளி ஒட்டியிருந்தாலும் கரு செத்துவிடும். அதற்காகவே அவற்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி, வெறும் தண்ணீரில் மட்டும் அலசி வைத்திருப்போம். பண்டிகை விடுமுறைக்கு அந்தப் பெண் ஊருக்குப் போயிருந்தாள். நான் பக்கத்து அறையில் நுண்ணோக்கிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இவர் எல்லாவற்றையும் பாத்திர சோப்பு போட்டு, நார் வைத்துத் தேய்த்திருக்கிறார்.

"நூல் கட்டியிருந்ததே, பார்க்கலையா?"

"பார்த்தேனே. அழுக்கா இருந்துச்சு. அவுத்து, துவைச்சு, காயவச்சு, திரும்பக் கட்டிட்டேன்."

நான் கத்திய கத்தலில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் பெரிதாக மூச்சு விட்டாள். "அப்போ என் முட்டைங்க மேல தப்பில்லை, மேடம்!" என்று சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. என் கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து விழித்தார்.

சிரிப்பு அடங்கியதும் மிச்சமிருந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். ஒருமுறை சோப்பு பட்ட கண்ணாடியை எத்தனை அலசினாலும் நம்ப முடியாது. புதிய கிண்ணங்களுக்கு எழுதிப்போட்டால் வந்துசேரப் பொங்கல் ஆகிவிடும். வானம் அதற்குள் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"டீ தம்ளர் புதுசா வாங்கினா?" என்றார் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டே. "கடையில் யாரும் சோப்பு போட்டிருக்க மாட்டாங்களே."

செங்கல்பட்டு பஜாருக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் வைக்கோலிலிருந்து ஒரு தம்ளரை உருவித் துணியால் துடைக்கப் போனார்.

"தொடைக்காதப்பா! தூசியோடவே குடு!" என்று என் கணவர் பதறினார்.

"டீக்கடை போடப் போறீங்கோன்னு பார்த்தா, தூசியோட குடுன்றீங்கோ! இப்டி ஒருத்தர் வந்ததே இல்ல சார்," என்றார் கடைக்காரர். இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் நான் அப்படி ரசித்த காட்சி வேறில்லை. பயத்தில் தேவைக்கு மேல் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டார்.

தம்ளர்களைக் கடல்நீரில் மட்டும் அலசி, வரிசையாகப் பரப்பி, அவள் கருக்களைப் போட்டாள். மூன்றாம் நாள் காலை, மழையின் முதல் துளிகள் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தபோது, நுண்ணோக்கியில் பார்த்தவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போனை எடுத்தாள்.

"அத்தா, நீந்துது அத்தா!"

"கடல்ல கீறது நீந்தாம, பஸ் ஏறியா போவும்?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. ஆனால் இந்தத் தடவை அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

சூடான தண்ணீரில், வெதுவெதுப்பில் வளர்ந்த தாய்களின் பிள்ளைகள் நேராக நீந்தின. மற்றவை கோணலாகத் தள்ளாடின. பிறகு குறிகளைப் படித்தபோது அவற்றிலும் வித்தியாசம் இருந்தது. தாய் பட்ட சூட்டில் கொஞ்சம் பிள்ளைக்கு உதவியாகத் தங்கியிருந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு என் கணவர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். பட்டம் உறுதி என்று தேர்வாளர்கள் அறிவித்ததும், பெட்டியிலேயே மிச்சமிருந்த தம்ளர்களில் எல்லோருக்கும் டீ கொடுத்தோம். குடித்து முடித்த தம்ளர்கள் தொட்டியில் குவிந்தன. ஈ மொய்த்தது. இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதையே பார்த்தபடி நின்றார். தொடவில்லை. கிண்ணங்களைக் கெடுத்த நாள் முதல் அன்று காலை வரை வீட்டிலும் எதையாவது எடுத்தால் "இதைக் கழுவலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பார்த்துவிட்டாள். கடைக்கு ஓடிப்போய் ஒரு சோப்பு வாங்கிவந்து அவர் கையில் வைத்தாள்.

"இப்போ தேய்ங்க சார். தாராளமா தேய்ங்க."

அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டார்.