பதினோராம் பாட்டில்

கட்சியில் புதிதாகச் சேர்ந்து ஆறு, ஓடை என்று பேசத் தொடங்கியிருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். என் தோல்விகளில் இது பெரியது.

1. பெயர்ச் சீட்டு

எண்பதுகளின் பிற்பகுதி. எடப்பாடிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் நான் நான்காம் வார்டு மெம்பர். மேட்டிலிருந்த சாயப்பட்டறைகளின் கழிவு ஓடையில் இறங்கி, ஓடையோரக் கிணறுகளைக் கெடுத்திருந்தது. ஐந்து வாரம் நடந்து எண்ணினேன். பதினேழு கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, உரிமையாளர் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டினேன். கழிவுத் தொட்டி கட்டும்வரை பட்டறைகளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்பது என் தீர்மானம். மன்றத்தில் பதினைந்து பேர். எட்டு ஓட்டு வேண்டும். என்னோடு சேர்த்து ஒன்பது இருந்தது.

கூட்டத்தன்று காலை நாச்சிமுத்து வந்தார். நாலு ஏக்கர் விவசாயி. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“மெம்பருங்க, எம்பேரை மட்டும் எடுத்துப்போடுங்க. வெள்ளிக்கிழமை புள்ளைக்கு நிச்சயமுங்க.”

எங்கள் பக்கம் பெண்ணைப் பார்க்குமுன் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள்.

“மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கெணத்தைப் பாக்கலீங்களா?”

“மழை பேஞ்சதுக்கு மக்கியா நாள் கூட்டியாந்தனுங்க. தெளிஞ்சு கெடந்துது.”

“அதுக்கு நான் பொய் சொல்லோணுமாங்க?”

“பொய் வேண்டாமுங்க. எம்பேரைச் சொல்லாம இருந்தாப் போதும்.”

“பதினேழு பதினேழுதானுங்க. பதினாறுன்னு எப்படிங்க சொல்லுவேன்?”

“உங்க ஊட்ல ஒரு பொம்பளப்புள்ள இருந்தாத் தெரியுமுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

2. மன்றம்

பாட்டில்களை மேசைமேல் வரிசையாக வைத்தேன். சிவப்பு ஒன்பது, மஞ்சள் ஐந்து, சாம்பல் மூன்று. பெயர்களைப் படித்தேன். பதினோராவதாக நாச்சிமுத்துவின் பெயரைப் படித்ததும், பட்டறை வைத்திருந்த மெம்பர் ஒருவர் சிரித்தபடி பார்வையாளர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க நாச்சிமுத்து, கெணறு கெட்டுப்போச்சாமா? சம்பந்திக்குச் சொல்லிப்போட்டீங்களா?”

மாப்பிள்ளையின் மாமன் அதே பெஞ்சில்தான் இருந்தார். நாச்சிமுத்து எழுந்து மேசைக்கு வந்தார்.

“எங்கெணத்துக்கு ஒரு கொறையுமில்லீங்க.”

தன் பெயரிருந்த பாட்டிலின் மூடியைத் திருகி, அந்தச் சிவப்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். ஆறு மடக்கு. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, “நல்லாத்தானுங்க இருக்குது,” என்றார்.

அதன்பிறகு, வந்திருந்த மற்றக் கிணற்றுக்காரர்களும் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தண்ணீர் நல்லதென்றார்கள். தீர்மானத்துக்கு மூன்று ஓட்டு விழுந்தது. லைசென்ஸ்கள் அன்றே புதுப்பிக்கப்பட்டன.

3. கல்யாணத் தண்ணீர்

கல்யாணம் நடந்தது. எனக்கு அழைப்பில்லை. பந்திக்கான தண்ணீர் காவிரியிலிருந்து டிராக்டரில் எங்கள் தெரு வழியாகத்தான் போயிற்று. பன்னிரண்டு பீப்பாய். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் நாச்சிமுத்து தன் நாலு ஏக்கரையும் விற்றார். வாங்கியவர் அன்று சிரித்த மெம்பர். அந்த மண்ணில் இன்னும் இரண்டு பட்டறைகள் எழுந்தன.

தம்பிகளே, நாம் எடுக்கும் ஒவ்வோர் ஆதாரமும் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து வருகிறது. எழுதுமுன் அவரைக் கேளுங்கள். அந்தச் சீட்டுகளில் பெயரை விட்டுவிட்டு வெறும் நம்பர் எழுதியிருந்தாலும் பதினேழு பதினேழாகவே இருந்திருக்கும். அவர் வாசலில் நின்றபோது இது எனக்குத் தோன்றவில்லை.