பிரசங்கம் நின்ற பின்னும் குருவாயிருந்தவர்

நான் வாத்தியாராயிருக்கும் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்து, பிள்ளைகள் காலை ஜெபத்துக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு மனிதர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றார். முழங்கால் வரை செம்மண் அப்பியிருந்தது. மணிமுத்தாற்றுப் பக்கத்து மலையடி ஊரிலிருந்து அம்பாசமுத்திரம் வரை நடந்து, வாழ்நாளில் முதல் தடவையாகப் புகைவண்டி ஏறி, பாளையங்கோட்டைக்கு வழி கேட்டுக்கேட்டு வந்து சேர்ந்திருக்கிறார். பெயர் இசக்கி என்றார்.

“ஐயரு தவறிட்டாவ. அம்மா உங்ககிட்டச் சொல்லிட்டு வரச் சொன்னாவ.”

எந்த ஐயர் என்று நான் கேட்கவில்லை. சபைக் குருமாரை ஐயர் என்பது எங்கள் வழக்கம்; அந்த மலையடிவாரத்தில் எனக்கு இருந்தது ஒரே ஐயர்தான். கனம் பாக்கியமுத்து ஐயரவர்கள் மலைக்காய்ச்சலில் இறந்துபோனார்கள். அடக்கமும் முந்தின நாளே முடிந்துவிட்டது. எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று இசக்கியிடம் விசாரித்தேன். “நான் கிறிஸ்தவ வேதத்துல சேரல. அவிய எங்க ஐயரு. அதான் வந்தேன்,” என்றார்.

ஐயரவர்களை அறிந்தவர்கள் இரண்டு விதமாக அறிந்திருக்கிறார்கள். அவர் முன்பு குருவாயிருந்த ஆற்றங்கரைச் சபைகளின் சேகரத்தார், தங்களைக் கண்ணீர் விடவைத்த பெரிய பிரசங்கியாரை நினைவில் வைத்திருக்கிறார்கள். மலையடிவாரத்தார், வாய் திறவாத ஓர் ஐயரை மட்டுமே கண்டார்கள். இருவரையும் அறிந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவரின் மகன். தகப்பனார் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்; ஞாயிற்றுக்கிழமை கடையை அடைப்பார், கோயிலில் பின்வரிசையில் உட்காருவார், அத்துடன் சரி. பாளையங்கோட்டைப் போர்டிங்கில் நானும் பாக்கியமுத்துவும் அடுத்தடுத்த பாயில் படுத்தோம். அந்த நாட்களில் அவருக்கும் பக்தி என்று தனியாக ஒன்றும் இருந்ததில்லை. நீண்ட ஜெபங்களில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். அதற்காக இருவரும் சேர்ந்து அடி வாங்கியிருக்கிறோம்.

எங்கள் வகுப்பில் தாவீது என்று ஒரு மாணவன் இருந்தான். ஒரு கோடையில் காலையில் வாந்திபேதி கண்டு, பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். ஊரிலிருந்து பெற்றோர் வந்துசேரும் வரை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியைச் சுமந்தவர்களில் பாக்கியமுத்துவும் ஒருவர். கல்லறைத் தோட்டத்தில் வயதான ஐயர் ஒருவர் அடக்க ஆராதனையை வாசித்துவிட்டு, அங்கே இல்லாத அந்தத் தாய் தகப்பனைப் பார்த்துப் பேசுவதுபோல் சற்று நேரம் பேசினார். காற்று பலமாக அடித்தும் ஒரு சொல்கூடச் சிதறவில்லை. திரும்பி வந்து கிணற்றடியில் கைகால் கழுவும்போது பாக்கியமுத்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“அந்தப் பெரியவரு பேசினப்போ சாவு கொஞ்சம் தள்ளி நின்னுச்சு வே. நான் பாத்தேன்.”

அதன்பின் அவர் கோயிலில் தூங்கவில்லை. முதலில் முன்வரிசைக்குப் போனார். பிறகு ஜெபப்புத்தகத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கினார். மணி அடிக்கும் கோயில்குட்டியோடு சிநேகமாகி, அவருக்குப் பதிலாகத் தாமே கோயிலைப் பெருக்கினார். சனிக்கிழமைகளில் நாங்கள் ஆற்றுக்குக் குளிக்கப் போவோம். அவர் உபதேசியாரோடு கிராமங்களுக்குப் போய்விடுவார். நல்ல பிரசங்கி ஒருவர் எங்காவது வருகிறார் என்று கேள்விப்பட்டால் எவ்வளவு தூரமானாலும் நடந்துபோய்க் கேட்டுவந்து, அதை அப்படியே எங்களுக்குப் பேசிக் காட்டுவார். தாமிரபரணிப் பாலத்தடியில் தண்ணீருக்குள் இடுப்பளவு நின்று உரக்கப் பிரசங்கித்துப் பழகியதை நானே கண்டிருக்கிறேன். கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

ஒருநாள் திருநெல்வேலிக் கடைத்தெருவில் பிரசங்கக் கூட்டத்தாரோடு நின்றபோது யாரோ எறிந்த சாணி உருண்டை அவர் கன்னத்தில் பட்டது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். திரும்பும் வழியில், எறிந்தவனைத் தெரியுமா என்று கேட்டேன். “ஆளு யாருன்னு பாக்கல. பேச்சு அறுந்துபோயிருமோன்னுதான் பயம்,” என்றார்.

மெட்ரிகுலேஷன் தேறியதும் தகப்பனார் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார். தாலுகா கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலைக்கு ஆள்பிடித்துப் பேசி முடித்திருந்தார். மகன் வேதசாஸ்திர வகுப்பில் சேரப்போவதைச் சொன்னபோது நான் அருகில் இருந்தேன்.

“கோயிலுக்குப் போ, வேண்டாங்கல. கோயிலுக்குள்ளயே குடியிருக்கணுமாலே? நம்ம வீட்டுல ஒருத்தன் கச்சேரியில உக்காரக் கூடாதா?” என்று தகப்பனார் கேட்டார்.

“கச்சேரியில உக்காந்தாலும் மனசு இங்கனதான் கெடக்கும், ஐயா.”

தகப்பனார், நாங்கள் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினார். உபதேசியாராகவும் பின்பு உதவிக்குருவாகவும் மகன் பணிபுரிந்த வருஷங்களில் தகப்பனார் அவரோடு பேசவில்லை. குருப்பட்ட ஆராதனைக்கு மட்டும் வந்து, வழக்கம்போல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்து வெளியே வந்ததும், வெள்ளை அங்கியோடு நின்ற மகனை வெகுநேரம் பார்த்தார். “இனி உன்னைய லேன்னு கூப்பிட முடியாதுல்லா,” என்று மட்டும் சொன்னார். கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது. அது வருத்தமா சந்தோஷமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

முதலில் அவருக்குக் கிடைத்தது ஆற்றங்கரையில் ஒரு பெரிய சேகரம். பெயர் வேண்டாம், அந்தச் சபையார் இன்றும் இருக்கிறார்கள். அங்கே அவர் புகழ் பெருகியது. அயல் சேகரத்தார் வண்டி கட்டிக்கொண்டு வந்து கேட்டார்கள். முக்கியமாகத் துக்க வீடுகளில் அவர் பேச்சுக்கு நிகரில்லை என்றார்கள். இதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. மறைக்க வேண்டியதில்லை. நான் போகும்போதெல்லாம், “இன்னைக்கு எப்படி வே இருந்துச்சு?” என்று கேட்பார். நன்றாயிருந்தது என்றால் எந்த இடம் என்று கேட்பார்.

பேதி பரவிய ஓர் ஐப்பசியில் அவர் ஒவ்வொரு குழிமேட்டிலும் நின்று பேசினார். ஒரே மகனைப் பறிகொடுத்த விதவை ஒருத்தி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கையெடுத்துக் கும்பிட்டு, “செத்த நேரம் சும்மா இருங்க ஐயா, எம்பிள்ளையப் பாத்துக்கிடுதேன்,” என்றாளாம். அதை என்னிடம் சொன்னபோது அவருக்கு மனத்தாங்கல். துக்கத்தில் புத்தி பேதலித்துப் பேசுகிறாள் என்றார்.

அடுத்த மாதம் பேதி அவர் வீட்டுக்கே வந்தது. ரூத் அவருடைய ஒரே குழந்தை, ஆறு வயது. அந்த வாரம் நான் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் தேர்வு நடத்தப் போயிருந்தேன். விடியும்போது முற்றத்தில் கோழிகளுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்த பிள்ளை, விளக்கு வைக்கும் நேரத்தில் இல்லை. ஆற்றில் கார்த்திகை வெள்ளம். அக்கரையிலிருந்து வேறு ஐயர் வர வழியில்லை. மறுநாள் காலை தாமே அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஆராதனையை ஒரு வரி விடாமல் வாசித்தார். குரல் நடுங்கவில்லை. அதன்பின் பேசுவார் என்று எல்லாரும் தலை குனிந்து காத்திருந்தோம். வாயைத் திறந்தார். மூடினார். புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய், தரையில் சுருண்டு கிடந்த மனைவி அன்னம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மண்ணை நாங்கள்தான் தள்ளினோம்.

அந்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏறி வசனத்தை வாசித்துவிட்டு, இன்றைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று இறங்கிவிட்டார். சபை அழுதது. ஆனால் ஈஸ்டர் கடந்தும் அப்படியே இருந்தது. ஆராதனை நடக்கும், திருவிருந்து நடக்கும், ஞானஸ்நானம் நடக்கும். பிரசங்கம் மட்டும் இரண்டு மூன்று வாக்கியத்தோடு நின்றுவிடும். அழுதவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பிள்ளை சாகாத வீடு உண்டா என்று கேட்டவர்களும் உண்டு. சேகரக் கமிட்டியார் என்னை வரவழைத்து, பழைய சிநேகிதர் என்ற முறையில் பேசிப் பார்க்கச் சொன்னார்கள்.

போனபோது அவர் வீட்டில் இல்லை. பக்கவாதத்தில் கிடந்த ஒரு நெசவாளியின் குடிசையில் இருந்தார். உடம்பெல்லாம் புண் வைத்துவிட்டதால் அவருக்குச் சவரம் செய்ய நாவிதர் வர மறுத்துவிட்டாராம். ஐயர் கத்தியும் கிண்ணமுமாக அந்த வேலையில் இருந்தார்.

“கமிட்டி அனுப்பிச்சா? உம்மைத்தான் அனுப்புவாங்கன்னு நெனச்சேன்,” என்றார்.

“விசுவாசம் போயிட்டா வே?” என்று கேட்டுவிட்டேன்.

கத்தியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: “போவல. போயிருந்தா லேசா இருந்திருக்கும். தெனமும் ஜெபம் பண்ணுதேன். பீடத்துல ஏறினா ரூத் முன்னால உக்காந்து என்னையவே பாக்கா. அவளுக்குச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அவளுக்கு இல்லாததை மத்தவங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்?”

“அப்போ குருப்பட்டத்தை என்ன செய்யப் போறீரு? பள்ளிக்கூடத்துக்கு வந்திரும்.”

“பேசத்தான் என்னையக் கூப்பிட்டாருன்னு இருந்தேன். அந்த விதவை சொன்னப்போ எனக்கு வெளங்கல. இப்ப போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். இனிமே பக்கத்துல இருக்கேன் வே. அதுக்கும் ஒரு ஆளு வேணும்லா.”

அன்று பகல் அன்னம்மாள் சோறு பரிமாறினார்கள். ஐயர் கைகழுவ எழுந்துபோனதும், தணிந்த குரலில் என்னிடம் சொன்னார்கள்: “வீட்டுலயும் பேசுததில்ல அண்ணே. பிள்ளை பேரைச் சொன்னா எந்திச்சு வெளிய போயிருதாவ. எனக்கும் அவதானே மக.” கமிட்டியாரிடம், அவர் இனிப் பிரசங்கிக்கப் போவதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் ஐயரை மாற்றும்படி அத்தியட்சரான பிஷப்புக்கு விண்ணப்பம் எழுதினார்கள்.

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிய வருஷம் ஐயரவர்கள் மணிமுத்தாற்றங்கரைக்கு மாற்றப்பட்டார்கள். மண்சுவரும் ஓலைக்கூரையுமாக ஒரு கோயில். மரம் வெட்டியும் புனம் காத்தும் பிழைக்கும் சில குடும்பங்கள். அந்த ஊருக்குக் காய்ச்சல் வருஷந்தோறும் வரும். முன்பிருந்த உபதேசியார்கள் அதற்குப் பயந்து ஓடிப்போயிருந்தார்கள். ஒரு தடவை நான் போனபோது ஐயர் குளிரில் நடுங்கியபடியே, யாரோ ஒருவருக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனார். நிறம் மாறி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி மன்றாடினேன். மழை நிற்கட்டும், பைய வருகிறேன் என்றார். மழை நின்றது. அவர் வரவில்லை.

இசக்கி வந்த அன்றே புறப்பட்டுப் போனேன். கோயிலுக்குப் பின்னால் மண்மேடு இன்னும் ஈரமாயிருந்தது. புதிய ஐயர் வந்தால் குருமனை வீடு அவருக்கு வேண்டும் என்பதால் அன்னம்மாள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அழுது முடித்த முகம். கடைசி நாட்களைப் பற்றி நான் கேட்காமலே சொன்னார்கள்.

“காய்ச்சல் ஏறினப்பொறவு பேச ஆரம்பிச்சாவ அண்ணே. நிறுத்தவே இல்ல. எல்லாம் ரூத்தைப் பத்தித்தான். அவ நடை பழகினது, பல்லு விழுந்தது, கோயில்ல சத்தமாச் சிரிச்சது. ஒண்ணையும் மறக்கல அண்ணே. நான் மறந்துபோனதுகூட அவியளுக்கு நெனவிருந்துச்சு. அத்தனை வருசமா உள்ளயே வச்சிருந்திருக்காவ. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். நெத்தித் துணியை மாத்தக்கூட எந்திரிக்கல.”

மறுநாள் வண்டி கட்டினோம். ஊர்ப் பெண்கள் ஆற்றுத்துறை வரை கூடவே வந்தார்கள். மாடுகள் தண்ணீரில் இறங்கத் தயங்கி நின்றபோது, எந்தப் பக்கம் போகலாம், ஆற்றங்கரைச் சேகரத்துக்கா, பாளையங்கோட்டைக்கா என்று அன்னம்மாளிடம் கேட்டேன்.

“மக அங்கன கிடக்கா. இவிய இங்கன கிடக்காவ. நான் எங்கன போவ?”

வண்டிக்காரன் என்னைப் பார்த்தான். கடைசியில் இசக்கி முன்னால் இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாடுகளை அக்கரைக்கு நடத்தினார். திரும்பிப் பார்த்தேன். பெண்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, எங்கள் வண்டியைப் பார்த்தபடி நின்றார்கள்.

அன்னம்மாள் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

ஐயரவர்களே, சபை முறைப்படி உங்களை வழியனுப்ப நான் அங்கே இல்லாமற்போனேன். அதனால் நம் பழைய பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன். போய்வாரும் வே, பாக்கியமுத்து. உம்ம மக காத்துக்கிட்டிருப்பா.