நேப்பிள்ஸில் கஜன் என்ன சாப்பிடுகிறான்?

போன வாரம் இத்தாலியிலிருந்து திரும்பினேன். வந்ததிலிருந்து எடை பார்க்கும் மெஷின் பக்கமே போகவில்லை. பயம்தான், வேறென்ன?

ஒரு வாரப் பேக்கேஜ் டூர். ரோம், ஃபுளோரன்ஸ், நேப்பிள்ஸ்... நடுவில் பெயர் வாயில் நுழையாத சில சிற்றூர்கள். எல்லா ஊரிலும் ஒரு தேவாலயம், ஒரு நீரூற்று, ஒரு ஐஸ்கிரீம் கடை. முதல் இரண்டையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேன்.

ஃபுளோரன்ஸில் தோல் பை வாங்கப் போனோம். நமக்குத்தான் அஜ்மானிலும் துபாய் தேராவிலும் எடுத்த பயிற்சி இருக்கிறதே — பாதி விலைக்குக் கேட்பது, மறுத்தால் 'கலாஸ்', அவ்வளவுதான், என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது. நாலு எட்டு வைப்பதற்குள் 'ஆவோ பாய், ஆவோ' என்று முதுகுக்குப் பின்னால் குரல் வரும். நடந்தேன். குரல் வரவில்லை. தெருமுனை வரை நடந்தேன்... திரும்பிப் பார்த்தால், கடைக்காரப் பெரியவர் நிம்மதியாக சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"போய் அவர் சொன்ன விலைக்கே வாங்கிட்டு வாங்க. நான் உங்ககூட வந்த ஆள்னு காட்டிக்க வேணாம்" என்றாள் மனைவி.

காபியிலும் ஒரு அடி. அங்கே நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. என் உடம்பு நிற்பதற்காகச் செய்யப்பட்டதில்லை.

இப்படியே சிரித்துப் பேசி இந்த வாரப் பத்தியை ஓட்டிவிடலாம். முடியவில்லை. நான் நேப்பிள்ஸ் போனது பீட்சாவுக்காக மட்டும் இல்லை.

அஜ்மானில் எங்கள் மாடியில், அடுத்த ஃபிளாட்டில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறார் ஒருவர். சிவநேசன் என்று வைத்துக்கொள்வோம். கிளிநொச்சிக்காரர். துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். ஊரெல்லாம் கிரேன்கள் அசையாமல் நிற்கிற இந்த வருஷத்தில் அவர் கம்பெனியும் நின்றுவிட்டது. விசா கேன்சல். ஒரு மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போயாக வேண்டும்.

போவதென்றால் எங்கே? ஊரில் சண்டை. அம்மாவும் அப்பாவும் எந்த மரத்தடியில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. போன் தொடர்பு அறுந்து மாதக்கணக்காகிறது. கொழும்பில் இறங்கினால், பாஸ்போர்ட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்த உடனே உள்ளே தள்ளிவிடுவார்கள் என்கிறார்.

மிச்சம் இருப்பது ஒரு தம்பி. கஜன். சில வருஷங்களாக நேப்பிள்ஸில் இருக்கிறான். அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வழியில் கடல் உண்டு, படகு உண்டு. படகு நிச்சயம் கரைசேரும் என்று ஏஜென்ட் சத்தியம் செய்கிறார். ஏஜென்ட் ஏறப்போவதில்லையே!

அந்தச் சத்தியத்தை நம்பி ஏறுவதற்கு முன், அங்கே தம்பி எப்படி இருக்கிறான் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் சிவநேசன் என்னிடம் வந்தார்.

"அண்ணை, போனில நல்லா இருக்கிறன் எண்டுதான் சொல்லுறான். வேலை போன பிறகு நானும் அவனுக்கு அப்பிடித்தான் சொன்னனான். அதாலதான் நம்பேலாமக் கிடக்கு. நீங்க போய் அவன் என்ன சாப்பிடுறான் எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ."

இதற்கு நான் எதற்கு என்று கேட்டேன்.

"வேற எதையும் பாக்காட்டியும், நீங்க சாப்பாட்டைப் பாப்பியள்."

மறுக்க முடியுமா? அதோடு, அவர் கேட்டதில் இருந்த நியாயம் வளைகுடாவில் இருக்கிற எல்லோருக்கும் புரியும். ரியாத் பத்தாவில் நின்றாலும் பஹ்ரைன் குதைபியாவில் நின்றாலும், வீட்டுக்குப் பேசும்போது நாம் எல்லோரும் மட்டன்தான் சாப்பிட்டிருக்கிறோம். கையில் இருப்பது குப்பூஸ் ரொட்டியும் தயிரும்.

கஜனுக்கென்று சிவநேசன் கையால் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் ஒரு பொட்டலம். அது என் பெட்டியில் இத்தாலி முழுக்கச் சுற்றியது. புதுத் தோல் பை இப்போது சாம்பார் வாசனை அடிக்கிறது.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு அங்கே வியாழக்கிழமை மதியம் ஓய்வு. அந்த நேரத்தில், ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு பீட்சா கடையில் சந்தித்தோம். மனைவி டூர்காரர்களோடு எரிமலை பார்க்கப் போய்விட்டாள். கஜன் நல்ல கம்பளிக் கோட்டு போட்டிருந்தான். ஆனால் தோள் இரண்டும் தொங்கின. கோட்டு யாருடையது என்று கேட்டேன். அவன் வேலை செய்கிற வீட்டுக்காரருடையதாம். அவர் இப்போது இல்லை. இருப்பது அவருடைய மனைவி. படுத்த படுக்கையான கிழவி. அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, சுத்தம் செய்வதுதான் கஜனின் வேலை. அதே அறையில் ஒரு மடக்குக் கட்டில். கிழவிக்கு என்ன சாப்பாடோ அதுதான் அவனுக்கும். உப்பில்லாமல் வேகவைத்து வடிகட்டிய காய்கறி சூப். தனியாகச் சமைக்கக் கிழவியின் மகள் விடுவதில்லை. வாசனை ஆகாதாம்.

பீட்சா வந்தது. கஜன் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தான். வெள்ளைச் சீஸ் தெரியாத அளவுக்குத் தூளைக் கொட்டினான். குனிந்தவன் நிமிரவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் ஊற்றியது. வெயிட்டர் பயந்துபோய் ஒரு ஜக் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் என் தட்டையும் அவன் பக்கம் நகர்த்தினேன். என் வரலாற்றில் இது முதல் தடவை. அதையும் சாப்பிட்டான்.

அண்ணனிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொல்லுங்கோ. என்னட்டப் பேப்பர் ஒண்டும் இல்லை. கிழவி இருமினா எனக்கு நெஞ்சிடிக்கும். அவ போனா அண்டைக்கே நான் தெருவில." கையைத் துடைத்துக்கொண்டான். "ஆனா இங்க ஷெல் விழாது. அதையும் சொல்லுங்கோ."

"சரி, வரச் சொல்றியா, வேணாங்கறியா?"

"அதை நான் எப்பிடிச் சொல்லுறது? நான் வந்த படகில ஏறின எல்லாரும் இறங்கேல்லையே."

மிச்சத் தூளை மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். கிழவிக்கு மருந்து கொடுக்கும் நேரம்.

அஜ்மான் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். சூப், மடக்குக் கட்டில், இருமல், ஷெல், படகு... ஒன்றையும் விடவில்லை. தூளில் உறைப்பு காணுமாமோ என்று விசாரித்தார் சிவநேசன். காணும், போதுமாம் என்றேன். முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகுதான் கேட்டார்.

"நீங்க என்ன சொல்லுறியள் அண்ணை?"

வாராவாரம் யாரும் கேட்காமலே உங்களுக்கு யோசனை சொல்கிற ஆள் நான். எங்கே தோசை நல்லா இருக்கும், எந்தச் செருப்பு கடிக்காது, மாமனாரிடம் எப்படிப் பேசுவது... இதோ ஒரு மனிதர் வாய்விட்டுக் கேட்கிறார். போ என்பதா? போகாதே என்பதா? டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

குடித்துவிட்டுப் போனார்.

நேற்று மாலை கதவைத் தட்டினார். ஒரு ஜாக்கெட் வாங்க வேண்டும், கூட வர முடியுமா என்றார். முடிவு எடுத்துவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அஜ்மானில் யாராவது ஜாக்கெட் வாங்குவார்களா? மார்க்கெட்டில் ஒரு பட்டாணியர் கடையில், பயணம் போகிறவர்களுக்கென்று மூலையில் கொஞ்சம் மாட்டி வைத்திருந்தார்கள். ஹாலிடேயா என்று இந்தியில் கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்றார் சிவநேசன்.

கம்பளி வைத்ததை எடுத்தார். பஞ்சு வைத்ததை எடுத்தார். எதையும் போட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"நனைஞ்சா இது பாரமாகுமோ அண்ணை?"

நான் அதைக் கடைக்காரரிடம் இந்தியில் கேட்டேன். ஜாக்கெட் போட்டுக்கொண்டு யார் பாய் தண்ணீரில் இறங்குவார்கள் என்று அவர் சிரித்தார்.

நானும் எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்தேன். இருப்பதிலேயே லேசானதை எடுத்துக் கொடுத்தேன்.