இடித்தவர் சொல்லிக் கொடுத்த பொய்

விழுப்புரத்தில் தையல் வேலை செய்பவள் நான். போன வருடம் என் சைக்கிளை ஒரு கார் இடித்து வலது கால் முறிந்தது. ஓட்டி வந்த திண்டிவனத்துக்காரரே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில், "போலீஸ் கேஸுன்னா பேஜாரும்மா. சைக்கிள்லேர்ந்து தானா வியுந்துட்டேன்னு சொல்லிடு. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சினார். நம்பி, டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார்.

பிறகு மாவுக்கட்டோடு, வைத்தியச் செலவு கேட்டு, திண்டிவனத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். "தானா வியுந்துட்டு என்னைச் சொல்லிக்கினு வர்றியா? ஆஸ்பத்திரி சீட்டைப் பாரு!" என்று கதவைச் சாத்தினார். மிஷின் மிதிக்க முடியாமல் கிடந்த நாளெல்லாம் அந்தக் கார் நம்பரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனால், அதே ஆள்! கை முறிந்த பெரியவர் ஒருவரைத் தாங்கிப் பிடித்து, காதில் அதே பாடத்தை ஓதிக்கொண்டிருந்தார். நொண்டிக்கொண்டே போய் நடுவில் நின்றேன்.

"பெரியவரே, இவரு கார் இடிச்சிச்சுன்னு சொல்லுங்க. நம்பரை நான் சொல்றேன்."

பெரியவரும் டாக்டரிடம் அப்படியே சொன்னார். நான் சொன்ன நம்பரின் கடைசி எண்ணை டாக்டர் எழுதி முடிக்கும்வரை கார்க்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசை தீரப் பார்த்தேன்.

இப்போது யார் அடிபட்டாலும், டாக்டரிடம் முதலில் உண்மையைச் சொல்லுங்கள், தூக்கி வந்தவருக்கு நன்றியைப் பிறகு சொல்லலாம் என்கிறேன். என் கால் இன்னும் நேராகவில்லை. அந்த நம்பரும் மறக்கவில்லை.