போத்தனூர் மேலே இருக்கிறேன்

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். தனியாகப் பறக்க அனுமதி கிடைத்த மூன்றாவது வாரமே ரேடியோவில் ஒரு பொய் சொன்னேன்.

எங்கள் குட்டி விமானங்களைத் திரையில் பார்த்து வழிகாட்ட அப்போது யாரும் இல்லை. எங்கே இருக்கிறோம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று நாம் சொல்வதுதான் ஆதாரம். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் விலகிப் போவார்கள். இன்னொரு கண்டிப்பும் உண்டு. சொந்த வீட்டின் மேல் போய்ச் சுற்றக் கூடாது.

கருமத்தம்பட்டியில் எங்கள் தறிக்கூடத்து மொட்டை மாடியில் அம்மா சிவப்புச் சேலையை வீசிக் காட்டக் காத்திருந்தார். பத்து மணிக்கு வருகிறேன் என்று நான்தான் பெருமையடித்திருந்தேன். அக்கம்பக்கத்துப் பெண்களையும் அம்மா கூட்டி வைத்திருந்தார்.

"போத்தனூர் மேலே, இரண்டாயிரம் அடி" என்று ஆங்கிலத்தில் கூசாமல் சொல்லிவிட்டு, அவிநாசி ரோட்டைப் பிடித்து எதிர்த்திசையில் கருமத்தம்பட்டிக்குப் போனேன்.

சேலை தெரிந்தது. குனிந்து குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது முன்கண்ணாடியில் ஒரு கரும்புள்ளி நகராமல் இருந்தது. பூச்சி அடிபட்டு ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். நேராக நம்மேல் மோத வருவது கண்ணாடியில் இடம் மாறாது, பெரிதாக மட்டும் ஆகும் என்று எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். மறுபடி நிமிர்ந்தபோது அந்தப் பூச்சிக்குச் சக்கரங்கள் இருந்தன.

வலப்பக்கம் ஒடித்துத் திருப்பினேன். எதிரே வந்தவரும் தன் வலப்பக்கம் ஒடித்தார். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தது வரை தெரிந்தது. என்னோடு படித்தவர்தான்.

நான் இறங்கி அறைக்குள் போனபோது அவர் பயிற்சியாளர் முன் நின்றிருந்தார். கவனிக்காமல் வந்தது தன் தப்பு என்று முந்திக்கொண்டு சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும், "வழி தப்பிப்போச்சுங்களா? நீங்க போத்தனூர்ல இருக்கறீங்கன்னுதான் நான் இந்தப் பக்கம் வந்தேனுங்க. இருந்தாலும் நானும் பாத்திருக்கோணும்" என்றார். அவர் இனித் தனியாகப் பறக்க வேண்டாம் என்று பயிற்சியாளர் எழுதத் தொடங்கினார். அந்தப் பேனா ஒரு வரி எழுதி முடிக்கும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. இன்றும் எனக்கு அதுதான் பெரிய வெட்கம். பிறகு உண்மையைச் சொன்னேன். பயிற்சியாளர் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா முகமெல்லாம் சிரிப்பு. "ஏங்கண்ணு, ரண்டு பிளேனும் எதுக்கெதுக்க வந்து ஆளுக்கொரு பக்கம் திரும்புச்சே. நாங்கெல்லாம் கை தட்டுனோம். எங்களுக்கோசரமா பண்ணுனீங்க?"

"இல்லீங்கம்மா. மோதியிருப்போம்" என்று நடந்ததைச் சொன்னேன். அம்மா அந்தச் சேலையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

"அந்தப் பையனுக்கு அம்மா இருக்காங்களா கண்ணு?"

தெரியாது என்றேன். எட்டு மாதம் ஒன்றாகப் படித்தும் நான் கேட்டதே இல்லை.