பூட்டிய கக்கூஸும் கெல்ட்டியரின் மலமும்

வெள்ளைக்காரர் காட்டிய படங்களில் ஒன்று மலம். மனித மலம். கறுத்து, கல்லைப் போல இறுகியது. அதை வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் அளவுகோலும் வைத்து, கல்யாண நகையைப் படம் எடுப்பதுபோல எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து எனக்கு அருவருப்பு வரவில்லை. அரபு நாட்டு ஆஸ்பத்திரியொன்றில் வருடக்கணக்காகக் கக்கூஸ் கழுவியவள் நான். அன்றைக்கு எனக்கு அருவருப்பு வந்தது வேறு காரணத்தால்.

இலங்கையில் சண்டை முடிந்து, கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் வரத் தொடங்கிய காலம் அது. நான் வெளிநாட்டிலிருந்து திரும்பி, கரைத்தீவிலிருந்து ஓர் உப்பளத்துக்குப் போய் வந்தேன். சண்டைக் காலத்தில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட எங்கள் முஸ்லிம் சனத்துக்கு அங்கே சுலபமாகக் கிடைத்த வேலை அதுதான். என்னோடு சோடி சேர்ந்து வேலை செய்தவள் வன்னியிலிருந்து வந்த ஒரு வேதக்காரப் பெண். நான் உப்பை வாரிக் குவிப்பேன், அவள் கூடையில் சுமப்பாள். களைத்தால் மாற்றிக்கொள்வோம்.

அந்த உப்பளத்தில் பெண்கள் ஒதுங்க இடம் இல்லை. முன்பு களப்போரம், அந்தக் கடலேரிக் கரையில், ஆள் மறையக் கண்டல் பற்றை இருந்ததாம். புது உப்புப் பாத்தி போடுவதற்காக முதலாளி அதை வெட்டிவிட்டார். ஆண்களுக்குக் கவலையில்லை, களப்பைப் பார்த்துத் திரும்பி நின்றால் முடிந்தது. நாங்கள் தண்ணீர் குடிப்பதை விட்டோம். காலையில் கொஞ்சம் தேத்தண்ணி, பிறகு வீடு போகும்வரை ஒன்றுமில்லை. மேலே வெயில், கீழே உப்பு, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊரார் கறிக்குப் போட்ட உப்பு அப்படித்தான் வந்தது.

என் சோடிக்கு மூத்திரக்கடுப்பு வந்தது. காய்ச்சலும் சேர்ந்து, ஒரு நாள் கூடையோடு வரம்பில் விழுந்தாள். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் ஏசி அனுப்பினார்கள். நாங்கள் முதலாளியின் கந்தோருக்குப் போய் ஒரு கக்கூஸ் கட்டித் தரச் சொன்னோம். அவர் கதிரையை விட்டு எழும்பாமல் கையை நீட்டிக் களப்பைக் காட்டினார். அவ்வளவு பெரிய இடம் கிடக்கும்போது கட்டடம் எதற்காம்.

பிறகு திடீரென்று கந்தோரை ஒட்டி ஒரு கக்கூஸ் எழும்பியது. கல் சுவர், தகரக் கூரை, நீலக் கதவு, உள்ளே வெள்ளைக் கொமட். உப்பு விளையும் இடங்களைப் பார்த்துவரும் ஒஸ்திரியாக்காரர் ஒருவர் வரப்போகிறார், அவருக்காகத்தான் இது என்று எங்களுக்குத் தெரியும். யாருக்காகக் கட்டினால் என்ன? அவர் வரும் நாளிலிருந்து எல்லோரும் போகலாம் என்று கங்காணி சொன்னான். அவர் வந்த நாள் காலை என் சோடி ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவள் நிம்மதியாகத் தண்ணீர் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போய்ப் பார்த்தால் நீலக் கதவில் பூட்டு. திறப்பு கங்காணியின் சாரத்து மடிப்பில். விருந்தாளி போகுமுன் ஒருவரும் அழுக்காக்கக் கூடாதாம்.

ஆஸ்பத்திரியில் பொறுக்கிய இங்கிலீசு எனக்குத் தெரியும் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். வந்தவர் தன்மையான மனிதர். எங்களையும் கூப்பிட்டு நிற்கவைத்து, கணினியில் படம் காட்டினார். தன் நாட்டு மலைக்குள் பழைய உப்புச் சுரங்கம் இருக்கிறது, இரண்டாயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே வேலை செய்தவர்களைக் கெல்ட்டியர் என்ற பழங்கால ஐரோப்பியச் சனத்தின் முன்னோர் என்கிறார்கள் என்றார். கெல்ட்டியர் பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து, அயர்லாந்து என்று போய்க் குடியேறினார்களாம். ஒரு கூட்டம் துருக்கிவரை போனதாம். ஆர் துரத்தினது என்று எங்களில் மூத்த ஒரு ராத்தா கேட்டா. அவர் அடுத்த படத்துக்குப் போனார்.

அந்தச் சனத்தின் வீட்டையும் காட்டினார். கம்பு பின்னி மண் அப்பிய சுவர், மேலே வைக்கோல், நடுவில் அடுப்பு, புகை கூரை வழியாகக் கசிய வேண்டியதுதான். எங்கள் அகதி முகாம் கொட்டிலை இவர் எப்போது பார்த்தார் என்று நினைத்தேன். அவர்கள் பன்றி இறைச்சியை உப்பில் போட்டுப் பதப்படுத்தினார்கள் என்றபோது, ஆடு என்று சொல்லும்படி முதலாளி கண்ணைக் காட்டினார். நான் பன்றி என்றே சொன்னேன். பெண்கள் பாரம் சுமந்து சுமந்து அவர்களின் கழுத்தெலும்பு தேய்ந்திருந்ததாம். எல்லோரும் என் சோடியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. கால்களை இறுக்கிக்கொண்டு, வேர்த்துக் கொட்ட நின்றாள்.

மலத்தைப் பற்றித்தான் அவர் அதிக நேரம் பேசினார். அந்தச் சனம் சுரங்கத்துக்குள்ளேயே வெளிக்கு இருந்தார்கள், உப்பு அதை அழுகவிடாமல் வைத்திருந்தது, அதில் தினையும் அவரையும் புழு முட்டையும் இருந்தன என்றார். துடைக்கப் பெரிய இலைகளைக்கூடக் கொண்டுபோயிருக்கலாமாம். சொல்லச் சொல்ல அவர் குரல் குழைந்தது. பிறகு, இங்கே வேலையாட்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டார்.

“அந்தா, பொம்புளையளுக்கு நான் கட்டிக் குடுத்தது எண்டு சொல்லுங்க, புள்ள,” என்றார் முதலாளி.

நான் சொன்னேன். அது பூட்டிக் கிடக்கிறது, திறப்பு அந்த ஆளின் மடியில், இந்தப் பெண் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு நிற்கிறாள், இவள் நோயாளி. அதையே தமிழிலும் சத்தமாகச் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

அந்த மனிதர் சிவந்துபோய்ச் சப்பாத்தைப் பார்த்தார். தான் உப்பைப் பார்க்கத்தான் வந்தேன், உங்களுக்கு இடையில் வருவது சரியில்லை என்று சொல்லிக் கணினியை மூடினார். எனக்கு அருவருப்பு வந்தது அப்போதுதான். செத்து மண்ணாய்ப்போனவனின் பீயை மணிக்கணக்காகப் பேசியவருக்கு, உயிரோடு நிற்கிறவளின் மூத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை.

ஆனாலும் அவர் முன்னால் திறக்காமல் இருக்க முதலாளியால் முடியவில்லை. கங்காணி பூட்டைக் கழற்றினான். உள்ளே வாளி இல்லை, தண்ணீர் இல்லை. கொமட்டைச் சும்மா சீமெந்தில் இருத்தியிருந்தார்கள். பின்னால் குழாயும் இல்லை, குழியும் இல்லை. வெறும் மணல். இன்னும் முடியவில்லை என்று முதலாளி முணுமுணுத்தார். அவள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வெளியே வந்தபோது, இதை இனி யார் கழுவுவது என்று முதலாளி கத்தினார். அவள் பாவாடையைச் சரிசெய்துகொண்டு, அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொன்னாள்:

“உப்பைப் போட்டு வையுங்கோ, முதலாளி. பிறகு ஆரும் ஆராய்ச்சிக்கு வருவினம்.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் ராத்தா வரம்பிலேயே குந்திவிட்டா. வெள்ளைக்காரர் என்னவென்று கேட்டார். ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வாகனத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் பூட்டு மறுபடியும் தொங்கியது. ராத்தா கல்லால் அடித்து அதை உடைத்தா. நாங்கள் எல்லோரும் அங்கேயே போனோம், குழி இல்லாத அந்தக் கொமட்டில், வேண்டுமென்றே. சில நாளில் நாற்றம் கந்தோருக்குள் முதலாளியின் கதிரைவரை போனது. அப்போதுதான் அவர் குழி வெட்டச் சொன்னார். வெட்டியதும் நாங்கள்தான். ஆண்களை விட்டால் பாத்தி வேலை கெட்டுவிடுமாம்.

இடுப்பளவு குழிக்குள் நின்றபடி என் சோடி மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். கந்தோர் யன்னலைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடிக்கத் தொடங்கினாள்.